ஆளில்லாத வீட்டுக்காரர்

தன் வீட்டில் ஆளே இல்லை என்ற சேதியை ஸ்டோர்கீப்பர் தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் படித்தார். குடிநீர் வாரியத்திலிருந்து வந்த கடிதம் அது. காரணம் எண் நான்கு, காரணம் எண் ஒன்பது ஆகியவற்றின்படி இது ஆளில்லா வீடு, இனிமேல் கட்டணம் மூன்று மடங்கு என்று போட்டிருந்தது. கீழே ரப்பர் முத்திரை வேறு.

அவர் மருந்துக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் சரக்கை எண்ணி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு வீட்டையும் கிடங்கு மாதிரியே நடத்தினார். அலமாரியில் பதினோரு மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: கூரை, குழாய், வரி, கறையான், வெள்ளையடிப்பு, கழிவுத் தொட்டி என்று. பென்ஷன் வந்த அன்றே பணம் பங்காகி அதது அதனதன் டப்பாவுக்குப் போய்விடும். பதினோராவது டப்பாவின் சீட்டு மட்டும் மனைவியின் கையெழுத்து. அவள் இருந்தபோதே 'விருந்தாளி' என்று எழுதி ஒட்டியிருந்தாள். விருந்தாளி என்று யாரும் வருவதில்லை. மீட்டர் பார்க்க வருகிறவருக்குக் கொடுக்கும் டீ ஒன்றுதான் அந்த டப்பாவின் செலவு.

மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்வாள். அவளுடைய இரண்டு அறைக் குடித்தனத்தில் டிவிக்குக் கீழே ஒரு மடக்குக் கட்டில் அவருக்காகத் தயாராக இருந்தது.

"வீடுன்னா வாங்கினதோட முடிஞ்சுதாப்பா? மாசாமாசம் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. தனியா எத்தனை நாள் தீனி போடுவீங்க?"

"இந்த வருஷம் பார். ஒரு டப்பா துண்டு விழுந்தாலும் வித்துட்டு வந்துடறேன்," என்று அவர் வீறாப்பாகச் சொல்லிவைத்திருந்தார். சொன்ன மறு மாதம்தான் இந்தக் கடிதம்.

வாரிய அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தாள்.

"நாலுன்னா தண்ணி செலவு ரொம்பக் கம்மின்னு அர்த்தம். ஒரு மனுஷன் இவ்வளவு கம்மியா செலவு பண்ண முடியாது சார்."

"நான் பண்றேனேம்மா."

"நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரும் இல்லைன்னு போட்டிருக்கு."

ஒன்பதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அது ஆபீசுக்குள் வைத்துக்கொள்கிற எண், வெளியே சொல்வதற்கில்லை என்றாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மவரின் சிக்கனம் சாமானியச் சிக்கனம் அல்ல. துணி அலசின தண்ணீரில் தரையைத் துடைத்து, துடைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர் அவர். பழைய கிடங்குச் சட்டை கிழியாத வரைக்கும் புதுச்சட்டை எதற்கு என்று காக்கியிலேயே காலத்தை ஓட்டினார். விளக்கை மிச்சம் பிடிக்க, பொழுது சாய்ந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எழுந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து சுவரில் ஈரம் தெரிகிறதா, கறையான் ஏறுகிறதா என்று பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை மீட்டர்காரர் வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார், மறு வாரம் இன்னொரு முறை வருவார். ஏன் இரண்டு தடவை என்று எப்போதோ கேட்டதற்கு, "ரூல் சார்," என்றார். கிடங்கில் இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு தடவையும் டீ உண்டு. மீட்டர்காரர் தெருக்களை நாய்களை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்று ஒரு மணி நேரம் பேசுவார். டீ தீர்ந்தபிறகும் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார். தன் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டோர்கீப்பருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் இரண்டு மாதத்துக்கும் பேச்சு.

அன்றைக்குக் கடிதத்தைக் காட்டியதும் மீட்டர்காரர் பாதி டீயில் டம்ளரை வைத்துவிட்டார். வெகு நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியைக் கொஞ்சம் தாராளமா விடுங்க சார். அளவு ஏறினா சரியாயிடும்," என்றார் தலை நிமிராமல்.

ஸ்டோர்கீப்பர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குழாயைத் திறந்தார். நாளைக்கு மூன்று வேளை குளித்தார். துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். செடிகள் அழுகின, அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கிடங்கில் காலம் தள்ளியவர் முதல்முறையாகக் காசு கொடுத்து மாத்திரை வாங்கினார்.

அடுத்த முறை வந்த மீட்டர்காரர் நின்ற வாக்கிலேயே ரீடிங்கை எழுதிக்கொண்டு, அவசரம் சார் என்று போய்விட்டார். மறு வாரம் வரவே இல்லை. ஸ்டோர்கீப்பர் இரண்டு டம்ளர் டீ போட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வீணாக்கக் கூடாதே என்று ஆறிப்போன இரண்டையும் தானே குடித்தார். வாரியத்தின் கடிதம் வலித்ததைவிட அந்த டீ அதிகமாக வலித்தது.

அளவு ஏறியதற்கு வாரியம் உடனே பலன் கொடுத்தது. ஆளில்லாத வீட்டில் இவ்வளவு தண்ணீர் ஓடினால் குழாய் உடைந்திருக்கத்தான் வேண்டும் என்று கடப்பாரையோடு இரண்டு பேரை அனுப்பியது. அவர்கள் வாசலைத் தோண்டினார்கள். உடைப்பு எதுவும் கிடைக்கவில்லை. தேடிய வேகத்தில் கடப்பாரை பட்டு ஒன்று உண்டாயிற்று. அதைச் சரி செய்த கூலி வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. குழாய் டப்பா காலி. வெள்ளையடிப்பு, கறையான், கழிவுத் தொட்டி எல்லாம் ஒவ்வொன்றாகக் காலி. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

வீட்டில் ஆள் இருப்பதாக அக்கம்பக்கத்தார் ஒருவர் எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு எடுப்போம் என்றாள் கவுண்டர் அம்மாள். இதற்குத்தான் அவர் உண்மையில் பயந்தார். தெருவில் அவருக்கு யாரையும் தெரியாது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டு அம்மாள் சிரித்த முகமாக வந்தாள்.

"எழுதித் தராம என்ன? உங்களைத்தான் தினமும் பாக்கறேனே."

தினமும் பார்க்கிறாளாம். அவள் எழுதி, மடித்து, உறையிலிட்டு ஒட்டியும் கொடுத்தாள். பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். கவுண்டர் அம்மாள் பிரித்து உரக்கவே படித்தாள்.

"எதிர்வீட்டு வாட்ச்மேன் ரொம்ப நேர்மையானவர். காக்கிச் சட்டை போட்டு, டார்ச்சோட தவறாம ரவுண்டு வருவார். வீட்டுக்காரங்களை ஒரு நாளும் நாங்க பார்த்ததில்லை."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். ஸ்டோர்கீப்பர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்றுதான் அவருக்கும் தோன்றியது.

விசாரணை நாள் வந்தது. பாக்கி இருந்தது கூரை டப்பா ஒன்றுதான். அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனார். தீர்ப்பு எதிராக வந்தால் அதையும் கட்டிவிட்டு, மகளுக்குப் போன் செய்து கட்டிலை விரிக்கச் சொல்லிவிட வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி மேஜைக்குப் பின்னால் இருந்தார். மூலையில் மீட்டர்காரர் பதிவுப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஸ்டோர்கீப்பருக்கு அவரைப் பார்த்ததும் பாதி தெம்பு வந்தது. உலகத்தில் தான் இருப்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

தண்ணீர் அளவு இப்போது ஏறிவிட்டதால் நான்காம் காரணத்தை விட்டுவிடலாம் என்றார் அதிகாரி. ஆனால் ஒன்பது அப்படியே நிற்கிறதாம்.

"ஒன்பதுன்னா என்ன சார்?" என்று ஸ்டோர்கீப்பர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"முதல் தடவை போறப்ப வீடு பூட்டியிருந்தா ஒன்பது. மறு வாரம் திரும்பப் போய் ரீடிங் எடுக்கணும். உங்க வீடு தொடர்ந்து பதினெட்டு தடவை பூட்டியிருந்திருக்கு. மூணு வருஷம்."

"நான் எங்கயும் போகலையே சார். போறதுக்கு எனக்கு இடமே இல்லையே."

அதிகாரி மீட்டர்காரரின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. வீடு பூட்டியிருந்துதா?"

"இல்ல சார். தொறந்துதான் இருந்தது. இவர் வாசல்லயே உட்கார்ந்திருப்பார்."

"அப்புறம் எதுக்குப் பூட்டியிருக்குன்னு எழுதினே?"

மீட்டர்காரர் புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். ஸ்டோர்கீப்பரின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்:

"பூட்டியிருக்குன்னு எழுதினாத்தான் சார், மறு வாரமும் போய் உட்கார்ந்து பேச முடியும்."