பெற்றோர் கூட்டத்துக்கு வெற்றிலை வைத்த கதை

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். வாய் மட்டும் காலேஜ் வரைக்கும் போயிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் நான் விழுந்து எழுந்த சங்கதிகள் எல்லாம் கிடக்கின்றன. அதில் பெரிய சங்கதியை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார்கள். (நானும் கொஞ்சம் வைப்பேன். என் கதை, எனக்கு உரிமை உண்டு.)

எங்கள் ஊர் கல்வராயன் மலைக்குக் கீழே, கச்சிராயபாளையம் தாண்டி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஒரு உயர்நிலைப்பள்ளி உண்டு. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் மகளிர் குழு சார்பாக என்னை உறுப்பினராகப் போட்டார்கள். மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, ஒரு கையெழுத்து. மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை. எனக்கு அது கலெக்டர் பதவி. கூட்ட நாளில் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, நேர் வழி இருக்கும்போதே கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். யாராவது ஒருத்தர் "எங்க போற?" என்று கேட்க வேண்டாமா?

பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை. அந்த மாதச் செய்திகளையும் வரப்போகிற நிகழ்ச்சிகளையும் அதில் எழுதிப் போடுவார்கள். கபடியில் ஜெயித்த பிள்ளைகள் பெயர், கண் பரிசோதனை முகாம், விளையாட்டு விழா, இப்படி. நான் அதன் முன்னால் நின்று மெல்லத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிக்க எனக்கு ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் ஆகும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ பிழை திருத்துகிற மாதிரி தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது பலகையில் முதல் வரி இதுதான்: வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் பெரிய டீச்சரே வெளியே வந்துவிட்டார். தலைமையாசிரியை. கடலூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனசு. மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"பாக்கியம்மா, மலைப் பிள்ளைங்க பதினெட்டுப் பேர் இருக்காங்க. சாயங்கால பஸ்ஸ விட்டா அவங்களுக்கு வேற பஸ் இல்ல. அதனால ஸ்பெஷல் கிளாஸ்ல உக்கார முடியல. பரீட்சை வரைக்கும் கீழயே விடுதியில தங்கிப் படிக்க இடம் வாங்கிருக்கேன். அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ரெண்டு தடவ கூட்டம் போட்டேன். ஒருத்தர் வரல."

"ஃபாரத்த பசங்க கைல குடுத்து வுட்றதுதான டீச்சர்?"

"குடுத்தேன். பதினெட்டு அப்பாவும் ஒரே மாதிரி கையெழுத்து போட்டு அனுப்பிருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து ஆகவில்லையென்றால் அந்த இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும் என்றார். அப்புறம் அந்தப் பதினெட்டுப் பேரில் பாதிப்பேர் தேறுவதே கஷ்டம் என்றார்.

"இம்மாத்தானா? நான் இட்டாரேன்" என்றேன். "நான் போய் கூப்ட்டா மலையே எறங்கி வரும், பாருங்க."

(வந்தது.)

என் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. இருபது வருஷம் அந்த மலைக்குக் கருவாடு கொண்டுபோய் விற்றவள் நான். எந்த வீட்டில் நெத்திலி, எந்த வீட்டில் வாளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டீச்சர் பதினெட்டு நோட்டீஸை எண்ணிக் கொடுத்து, "இத மட்டும் குடுத்துட்டு வாங்க, போதும்" என்றார். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மலையில் போய்க் காகிதத்தைக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? அங்கே ஒரு காரியத்துக்கு அழைப்பதென்றால் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம். அதை வீட்டுப் பெரியவர் கையில் தர வேண்டும். வாங்கிவிட்டார் என்றால் வராமல் இருக்கவே கூடாது. அது அங்கே சட்டம்.

வீட்டில் தட்டைத் துலக்கும்போதே என் மருமகள் ஜெசிந்தா கேட்டாள். "அத்தே, மீட்டிங்குக்கு இன்னாத்துக்கு வெத்தல? டீச்சர் சொன்னாங்களா?"

"டீச்சருக்கு பாடம் தெரியும். மலை எனக்குத் தெரியும். நீ வேலையப் பாரு."

இரண்டு நாள் ஏறி இறங்கினேன். நாலு ஊர், பதினெட்டு வீடு. போன இடமெல்லாம் ராஜ மரியாதை. "கருவாட்டம்மா வந்துகிது!" என்று பாய் விரித்தார்கள். பெற்றவர்கள் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் என்ன, வெற்றிலை பெரியவர்களுக்குத்தானே? தட்டை அவர்கள் கையில் கொடுத்தேன், நோட்டீஸ் என் பையிலேயே கிடந்தது. பள்ளியில் கூட்டம், வெள்ளிக்கிழமை காலை, தவறாமல் வந்துவிட வேண்டும் என்றேன். பெரியவர்கள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். இறங்கி வந்து டீச்சரிடம், "டீ கொஞ்சம் ஜாஸ்தியா போட சொல்லுங்க" என்றேன். டீச்சர் பிஸ்கெட்டில் இன்னும் அஞ்சு பாக்கெட் சேர்த்து வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஆறாம் வகுப்புக்கு ஏதோ டெஸ்ட் நடக்கிறது. தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. ஊரில் யாருக்கோ விசேஷம் என்று நினைத்தேன். சத்தம் கிட்டே வந்தது. பள்ளி வாசலில் வந்து நின்றது. மூன்று சின்ன லாரிகள், பின்னாலேயே ஒரு டிராக்டர். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பெண்கள் தலையில் வரிசைத் தட்டு. சாமை அரிசி மூட்டை, பரங்கிக்காய், தேன் பாட்டில், கடுக்காய், கால் கட்டிய இரண்டு சேவல்.

டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் இவ்வளவு பேர் சேர்ந்து வந்தால் அது சாலை மறியல்தான். அவர் ஆபீஸ் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். (அவர் மேல் தப்பில்லை.)

நான் கதவைத் தட்டி, "டீச்சர், தொறங்க, நம்ம பெத்தவங்கதான்" என்றேன்.

"பதினெட்டுப் பேரா இது?"

"கொஞ்சம் கூட வந்துகிறாங்க."

மலையிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவர் சடையப்பன் என்ற பெரியவர். வெள்ளை வேட்டி, தலைப்பாகை. அவர் நேராக டீச்சரிடம் வந்து வரிசைத் தட்டை நீட்டினார். டீச்சர் பயத்தில் இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். பம்பை ஒரு சுற்று முழங்கியது. ஆறாம் வகுப்பு மொத்தமும் டெஸ்டை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்கியது.

எல்லோரையும் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம். டீச்சர் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது.

"ரமேஷோட அப்பா?"

"அவன் கெழங்கு புடுங்கறான். நான் அவன் பெரியப்பன்" என்றார் ஒருவர்.

"சரி, அம்மா?"

"ஆட்டப் பாத்துக்க ஆள் வேணாமா?"

"வெண்ணிலாவோட அப்பா?"

"வூட்ல கீறான். நான் தாய்மாமன்."

"கோவிந்தியோட அம்மா?"

"எம் மருமவதான். காவலுக்கு வெச்சிட்டு வந்துகிறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெற்றிலை வைத்த காரியத்துக்கு மலையில் பெரியவர்கள், பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். வேலை செய்கிற வயசுப் புருஷன் பெண்டாட்டி மட்டும் வீட்டுக்கும் ஆட்டுக்கும் காட்டுக்கும் காவல் இருப்பார்கள். பத்துக் கல்யாணத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அழைக்கும்போது அது என் மண்டைக்கு எட்டவில்லை. மலையையே இறக்கிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டியவர்களை மட்டும் கவனமாக மேலேயே நிறுத்திவிட்டேன்.

பதினெட்டுப் பெயரையும் டீச்சர் கூப்பிட்டு முடித்தார். ஒரே ஒருவர் எழுந்தார். "நான் முருகனோட அப்பா." பம்பை அடித்தவர். மேளத்துக்குக் கூப்பிட்டதால் வந்தவர். பம்பையைக் கழற்றாமலேயே கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனா மூடியை மெதுவாகத் திருகி மூடினார். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. என் கஞ்சிப் புடவை அப்படியே தொய்ந்துபோன மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சடையப்பன் எழுந்தார். "சரிம்மா, பந்தி எங்க போட்டுகிறீங்க?"

"பந்தியா?" என்றார் டீச்சர்.

பிஸ்கெட் தட்டை யாரோ நீட்டினார்கள். பெரியவர் ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வெத்தல வெச்சது நீதான, கருவாட்டம்மா?"

நான்தான். வேறு வழி? சத்துணவுக் கூடத்துப் பாத்திரங்களைக் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். அவர்கள் கொண்டுவந்த சாமையையே பொங்கினோம், அவர்கள் பரங்கிக்காயையே குழம்பு வைத்தோம். பெண்களும் கூட இறங்கிவிட்டார்கள். வரிசை கொண்டுவந்த விருந்தாளியை அடுப்பு ஊத வைத்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான். பிற்பகல் ஒரு வகுப்பும் நடக்கவில்லை. பிள்ளைகள் அதற்காக இன்றைக்கும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிய சடையப்பன் டீச்சரிடம் சொன்னார். "வரிசைய கை நீட்டி வாங்கிட்டீங்க. மறு மரியாதைக்கு எங்க வூட்டுக்கு வரணும்."

"வரேங்க ஐயா. யார் வீட்டுக்கு?"

"பதினெட்டு வூட்டுக்கும். ஒண்ண வுட்டாலும் கோச்சுக்குவாங்க."

டீச்சர் கையிலிருந்த ஃபாரங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார். "நான் வந்தா அப்பா அம்மா எல்லாம் வீட்ல இருப்பாங்களா?"

"விருந்தாடி வரப்ப வூட்டுக்காரன் எங்க போவான்?"

பேனா மூடி மறுபடியும் திறந்தது. டீச்சர் அங்கேயே விடுதி ஆபீசுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை காலை வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கினார்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருவரும் மலையில். (ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகாததற்குச் சாமியாரிடம் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டேன்.) டீச்சர் கையில் வெற்றிலைத் தட்டு, என் கையில் ஃபாரம். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். அவித்த மரவள்ளி, தேன், வறக் காப்பி, மறுபடியும் மரவள்ளி. பத்தாவது வீட்டில் டீச்சர் என் காதில், "பாக்கியம்மா, இனிமே முடியாது" என்றார். "எட்டு வூடுதான் பாக்கி, முழுங்குங்க டீச்சர்" என்றேன். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே குழு உறுப்பினர் என்று நானும் போட வேண்டும். நான் ஒவ்வொரு எழுத்தாக வரைவதைப் பார்த்து வெண்ணிலாவின் அம்மா சொன்னாள். "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள அது பாஸே பண்ணிடும்."

ஞாயிறு சாயங்காலம் கடைசி பஸ்ஸில் இறங்கும்போது பதினேழு ஃபாரமும் நிறைந்திருந்தது. மேளக்காரருடையது ஏற்கெனவே ஆயிற்று. பதினெட்டுப் பிள்ளைகளும் கீழே தங்கிப் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள். இரண்டு பேர் மட்டும் ஃபெயில் ஆனார்கள். அவர்களும் அடுத்த தடவை தேறிவிட்டார்கள்.

ஆனால் மறு மரியாதை என்பது ஒரு தடவையோடு நிற்கிற காரியம் இல்லை. இவர்கள் போனால் அவர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால் இவர்கள் போக வேண்டும். அதனால் இப்போதும் ஒவ்வொரு தை மாதமும் எங்கள் பள்ளிப் பலகையில், கண் முகாமுக்கும் விளையாட்டு விழாவுக்கும் நடுவில், "ஆசிரியர்கள் மலைக்குச் செல்லும் நாள்" என்று ஒரு வரி இருக்கிறது. வேறு எந்தப் பள்ளியிலும் அது கிடையாது. அந்த வரியை மட்டும் நான் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன்.

வீட்டில்தான் மானம் போகிறது. போன வாரம் ஜெசிந்தா புளி வாங்கி வரச் சொல்லிக் கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு அனுப்பினாள். கீரை, வாழைப்பூ, ஒரு மண்சட்டி, சீப்பு, பக்கத்து வீட்டுக்காரிக்கு விளக்குமாறு என்று இரண்டு கையும் கொள்ளாமல் வந்து சேர்ந்தேன். அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். புளி இல்லை.

"ஊரே வந்துகிது" என்றாள். "மேளக்காரராவது வந்தாரா அத்தே?"