டிப்புக்குத் தெரிந்த பாஷை

"இந்த வருஷம் மைதானத்துல ஒரு கெட்ட வார்த்தை கேட்டாலும் ஆயுசுக்கும் தடை," என்று கிளைவின் முகத்தைப் பார்த்தே சொன்னார் ஹேசல் அம்மையார். ஆடு மேய்க்கும் நாய்களுக்கான போட்டிச் சங்கத்தின் புதுத் தலைவி. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்.

கிளைவ் இந்தப் போட்டியில் பத்தொன்பது வருஷமாக ஒரு பரிசு ரிப்பன்கூட வாங்காத மனிதர். இப்போதுதான் டிப் என்று ஒரு கெட்டிக்கார நாய் வாய்த்திருக்கிறது. அதற்கோ கெட்ட வார்த்தையைத் தவிர வேறு எதுவும் புரியாது.

"நான் பழக்கலம்மா. போன மாசம் ஏலத்துல எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. அதுக்காகவே நான் கத்துக்கிட்டேன்."

"வாயில்லா ஜீவன் மேல பழி போடாதீங்க, கிளைவ். உள்ள இருக்கறதுதான் வெளிய வரும்."

மூன்று ஆடுகளைத் திறந்துவிட்டார்கள். கம்பத்தடியில் நின்றபடி குரல் மட்டும் கொடுத்து, நாயை வைத்து அவற்றைப் பட்டியில் அடைக்க வேண்டும்.

"டிப், இடப்பக்கமா போ ராசா," என்றார் கிளைவ்.

டிப் படுத்துக்கொண்டது.

விசிலடித்தார். டிப் காதைச் சொறிந்தது.

வேறு வழியில்லாமல், சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். டிப் ஆவலாக ஓடி வந்து அவர் வாய்க்கு நேரே காதை நிமிர்த்தி உட்கார்ந்தது. காவல் இல்லாத ஆடுகள் வேலியைத் தாண்டி, பக்கத்திலிருந்த கேக் போட்டிக் கூடாரத்துக்கு விரைந்தன.

"ஏதாவது சொல்லித் தொலைங்கய்யா!" என்று கூட்டம் கத்தியது.

"சொன்னா ஆயுசுத் தடை!" என்று கிளைவ் அழாத குறையாகக் கத்தினார்.

முன்வரிசை மேசையில் இருந்தது ஹேசல் அம்மையாரின் கேக். ஆறு வருஷமாக முதல் பரிசு. முதல் ஆடு அதில் மூக்கை வைத்தது. அம்மையார் கையில் மைக் இருந்தது.

ஒலிபெருக்கியில் அப்போது வந்ததை அச்சில் போட முடியாது. அரை நிமிஷம் வந்தது. ஒரு வார்த்தைகூட இரண்டாம் முறை வரவில்லை. பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

டிப் துள்ளி எழுந்து பாய்ந்தது. கிளைவ் மூச்சு விடுவதற்குள் மூன்று ஆடுகளும் பட்டியில்.

"வாய் தவறிடுச்சு," என்றார் அம்மையார், முத்துமாலையைச் சரிசெய்தபடி.

கிளைவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "என் பேச்சுக்குக்கூட இந்த ஓட்டம் ஓடினதில்லையே!"

நேரம் குறிக்கும் லெஸ் கடிகாரத்தை நிறுத்தினார். "குட்டியிலேருந்து வளத்தவங்க குரல் மறக்குமா? தலைவி பதவி வந்ததும்தான அதை ஏலத்துக்கு அனுப்பினாங்க!"