நாலு கை மிளகாய்த்தூள்

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற பல் டாக்டருக்கு, வீட்டில் மட்டும் வாய் திறக்க வராது. அதனால்தான், "இந்த ஞாயிறு கோழிக்குழம்பு நீங்கதான் வெக்கிறீங்க. நல்லா வந்தா இனி எல்லா ஞாயிறும் உங்க சமையல்தான்" என்று மனைவி சொன்னபோது, "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டார்.

வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பக்கத்து வீட்டு டெய்லரோடு கேரம். அதுவும் போனால் மனுஷன் எதற்காக உயிர் வாழ்வது? நேரே டெய்லரிடம் போய் அழுதார்.

"சார், கெடுத்துடுங்க."

"எதை?"

"குழம்பைத்தான். ஒரே ஒரு தடவை மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுங்க. அப்புறம் அடுப்பு பக்கமே சேக்க மாட்டாங்க. நான் அப்படித்தான் தப்பிச்சேன்."

"கோழி பாவமில்லையா?"

"அது ஏற்கெனவே செத்துடுச்சு சார். நீங்க பொழைக்கிற வழியைப் பாருங்க."

ஞாயிறு வந்தது. வெங்காயம் நறுக்கும்போது டாக்டர் அழுதார். அது மட்டும் நடிப்பில்லை. இஞ்சி பூண்டு வதங்கி, தக்காளி கரைந்து, கோழி வேகும்வரை எல்லாம் முறைப்படிதான். சந்தேகம் வரக்கூடாதே! அப்புறம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் கையை விட்டார். ஸ்பூனெல்லாம் கோழைகளுக்கு. ஒரு கை. ரெண்டு. மூணு. 'போதும்டா பாவி' என்றது மனசாட்சி. கேரம் போர்டை நினைத்துக்கொண்டு நாலாவது கையும் போட்டார். குழம்பு செக்கச்செவேலென்று கொதித்தது.

மனைவி சாப்பிட உட்கார்ந்ததும் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். என்ன இருந்தாலும் தாலி கட்டின பாவம்.

அவள் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாயும் வைத்தாள்.

"அடேங்கப்பா! சுள்ளுன்னு, அளவா இருக்கு. உங்களுக்குக் கைமணம்ங்க!"

"நாக்கு எரியலையா?"

"ஏன் எரியணும்?"

பதறிப்போய்த் தானும் ருசி பார்த்தார். பாழாய்ப்போன குழம்பு அமிர்தமாக இருந்தது.

"இருக்காதே! நாலு கை போட்டேனே!" வாய் தவறி உளறிவிட்டார்.

"போடுவீங்கன்னு தெரியும். டெய்லர் உங்களுக்குச் சொன்ன யோசனையை அவர் வீட்டம்மா ஒட்டுக்கேட்டு அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டாங்க. அதான் டப்பாவுல நிறத்துக்குப் போடுற காரம் கம்மியான மிளகாய்த்தூளை மாத்தி வெச்சேன். நாலு கை போட்டாத்தான் அது கொஞ்சமாவது உறைக்கும்."

டாக்டர் சொம்புத் தண்ணீரைத் தானே குடித்தார். "அப்ப... எங்க கேரம்?"

"கவலைப்படாதீங்க. அடுத்த ஞாயிறு டெய்லரும் இங்கேதான் வர்றார்... வெங்காயம் நறுக்க."