பெரிய மாமன் அனுப்பிய கம்ப்யூட்டர்

பொத்தானை அமுக்கியதும் விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

தங்கதுரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். விசிறி, விளக்கு, கறுப்பு.

உள்ளுக்குள் அவனுக்கு இளநீர் குடித்த மாதிரி இருந்தது. வெளியே தெரியாமலிருக்க முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

எருத்தேன்பதியில் அக்கா முத்தாத்தாள் கட்டிய புது வீட்டுக்கு அன்று புகுவிழா. விடியற்காலையிலேயே பால் காய்ச்சியாயிற்று. பத்தரை மணிக்குப் பிறந்த வீட்டுச் சீர். அண்ணன், தம்பி இருவரும் கொண்டுவந்ததைக் கூடத்தில் வரிசையாக வைத்து மைக்கில் பெயர் சொல்வார்கள். யாருடையது பெரிது என்பதைப் பந்தியில் ரசம் வருவதற்குள் ஊர் முடிவு செய்துவிடும்.

இதுவரை எல்லாப் பந்தியிலும் அண்ணன் காளிச்சாமிதான் ஜெயித்திருக்கிறான். அக்கா மகள் செல்வப்பிரியாவின் காதுகுத்துக்குத் தங்கதுரை வெள்ளிக் கொலுசு போட்டான். காளிச்சாமி தங்கச் சங்கிலி போட்டான். கொலுசு போட்டது இன்று யாருக்கும் நினைவில்லை, செல்வப்பிரியாவுக்கும்கூட.

இந்தத் தடவை தங்கதுரை நிலக்கடலை விற்ற கையோடு நாற்பத்துமூன்று அங்குல டிவி வாங்கிக் கூடத்தில் நிறுத்தினான். நான்கு நாள் நன்றாகத் தூங்கினான். ஐந்தாம் நாள் ஓசூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்சலில் போட்டிருக்கிறேன், பக்கத்துச் சித்தூருக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றான். அண்ணனின் சீரைத் தன் மொபெட்டில் கட்டி, பள்ளம் பார்த்து ஓட்டி, தங்கதுரையே கொண்டுவந்து சேர்த்தான்.

"டிவின்னா புள்ளைங்க கெட்டுப் போகும். கம்ப்யூட்டருன்னா படிப்பு" என்று பெரியம்மா ராசம்மாள் நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அந்தப் படிப்புதான் இப்போது கறுப்பாக நின்றது.

"என்ன தொரை, எரியலையா?" என்றாள் முத்தாத்தாள்.

"எரியலீங்கக்கா. என்னன்னு தெரியல."

நாற்காலியில் இருந்த ராசம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "சித்தூர்ல இருந்து இதைக் கொண்டாந்தது யாரு?"

"தம்பிதானுங் பெரிம்மா. மொபெட்டுல."

ராசம்மாள் திரையைப் பார்க்கவில்லை. தங்கதுரையைப் பார்த்தாள். அவனுடைய டிவியைப் பார்த்தாள். திரும்பவும் அவனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலப்பா" என்றாள்.

தங்கதுரைக்கு இளநீர் இறங்கிவிட்டது. பத்தரை மணிக்கு இது கறுப்பாக இருந்தால், பதினொன்றரைப் பந்தியில் 'அண்ணன் சீரைத் தம்பி கெடுத்துட்டான்' என்று ஆகிவிடும். டிவியை ஒருவரும் பேச மாட்டார்கள். வயிற்றெரிச்சல்காரன் என்று இந்த ஊரில் ஒருமுறை பெயர் விழுந்தால் விழுந்ததுதான். கன்று போட்ட மாட்டைப் பார்க்கக்கூட விடமாட்டார்கள்.

"ஏனுங்க, நீங்க பாருங்க" என்றாள் அவன் மனைவி ஆனந்தி. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரையே கோயமுத்தூருல உக்காந்து சரி பண்ணுனவருங்க எங்கூட்டுக்காரரு."

அது பாதி உண்மை. எட்டு மாதம் இரவு வேலையில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே ஒட்டியிருந்த தாளைப் போனில் படித்துக்காட்டினான். தூக்கம் கெட்டது, விட்டுவிட்டு வந்துவிட்டான். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெண் கேட்டுப் போனபோது சொன்ன விவரத்தில் இது இல்லை.

தாளின் முதல் வரி நினைவிருந்தது. பிளக்கைப் பிடுங்கு, முப்பது வினாடி பொறு, வேறு பிளக்கில் போடு.

வேறு பிளக் சமையல்கட்டின் ஓரமாக இருந்தது. அதே வயரில் இரண்டு கிரைண்டரும் மைக்செட்டும் ஓடிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. போட்டான். படக்கென்று வீடு முழுக்க இருண்டது. பாட்டு பாதி வரியில் நின்றது. சட்னி அரைத்துக்கொண்டிருந்தவன் வெளியே வந்து யாரையோ திட்டினான்.

"பால் காய்ச்சுன அன்னிக்கே ஊடு இருட்டாப் போச்சு" என்றாள் ராசம்மாள். "நான் ஒண்ணுஞ் சொல்லல."

கரண்டு வருவதற்குள் காளிச்சாமியின் போன் வந்தது. காரில் வந்துகொண்டிருந்தான்.

"தொரை, எரியலையாமா?"

"எரியும். பாத்துட்டிருக்கறேன்."

"அட, உடு கண்ணு. லாரியில வந்த பொருளு, எங்கியாச்சும் அடிபட்டிருக்கும். யாரு மேலயும் குத்தஞ் சொல்லறதுக்கில்ல. நீ பிரிச்சுகிரிச்சுப் பாக்காத. ஒரு பூவைச் சுத்தி அப்படியே வெச்சுரு. சீருன்னா மனசுதான?"

இந்தப் பெருந்தன்மையைத்தான் தங்கதுரையால் தாங்க முடியவில்லை. எரியாத பொருளை வைத்தும் அண்ணன் பெயர் வாங்கிவிடுவான். எரியாததற்குப் பெயர் தம்பிக்கு.

"ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டு வா" என்றான் ஆனந்தியிடம்.

மூடியைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் விரல் கனத்துக்குத் தூசி. ஓசூரிலிருந்து சித்தூர் வரைக்கும் ரோடு அப்படி என்று நினைத்துக்கொண்டான். ஆட்டம் காணாமலிருக்க நடுவில் காற்றுக்குமிழ்த் தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதை இழுத்தான். கூடவே ஒரு வயரும் வந்தது.

இப்போது பொத்தானை அமுக்கினால் விசிறியும் சுற்றவில்லை.

"முன்ன காத்தாச்சும் வந்துச்சுங்க" என்றாள் ஆனந்தி.

செல்வப்பிரியா போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து அந்த வயருக்கு இடம் கண்டுபிடித்துச் சொருகினாள். விசிறி வந்தது. கறுப்பும் வந்தது. மணி பத்து.

"சின்ன மாமா, மானிட்டர் போயிருந்தா? உங்க டிவில மாட்டிப் பாக்கலாமா?"

"அது எதுக்கு, அது பாட்டுக்கு இருக்குது" என்றான் தங்கதுரை.

"அண்ணன் சீருக்குத் தன்ற சீரைத் தர மனசு வருமா கண்ணு?" என்றாள் ராசம்மாள், செல்வப்பிரியாவைப் பார்த்து. சுற்றி நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

தங்கதுரையே போய் டிவியைத் தூக்கி வந்தான். அதற்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி ஆனந்தி கையில் கொடுத்தான். வயரை மாற்றிச் சொருகினான்.

'சிக்னல் இல்லை' என்று டிவி சொன்னது. அவ்வளவுதான் சொன்னது.

"இப்ப டிவியும் போச்சா? காலைல பாடிட்டிருந்துச்சே" என்றார் யாரோ ஒருவர்.

"போகல மாமா, போகல" என்றான். குரல் அவனுக்கே நம்பிக்கையாக இல்லை.

செல்வப்பிரியா இன்னொரு வீடியோ பார்த்தாள். உள்ளே சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகடு இருக்கும், ராம் என்று பெயர், அதைப் பிடுங்கி அதன் பல்லை ரப்பரால் தேய்க்க வேண்டும் என்றாள். பென்சில் அழிக்கிற ரப்பர். தங்கதுரை பிடுங்கினான். முட்டி போட்டு உட்கார்ந்து, பாத்திரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தான். சட்டையில் தூசி, நெற்றியில் தூசி. கூடம் முழுக்க ஆட்கள். மைக்செட்காரன் தொண்டையைச் செருமிச் சோதனை செய்துகொண்டிருந்தான்.

தகட்டைச் சொருகி, பொத்தானில் விரலை வைத்தான். அண்ணன் அனுப்பிய பொருள் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமியிடம் கேட்டான்.

நாற்பத்துமூன்று அங்குலத்திலும் ஒரு பனிமலை எழுந்தது.

கூடத்தில் இருந்தவர்கள் முன்னால் நெருங்கினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அடேங்கப்பா, எத்தாப் பெருசு."

"சர்ட்டிபிகேட் எடுக்கற அக்ஷயா செண்டர்ல கூட இத்தன பெருசு இல்லீங்."

"காளிச்சாமி செஞ்சா இப்புடித்தான் செய்வான்."

"அந்தப் பெரிய திரை என்றதுங்க, நான் வாங்குன டிவிங்க" என்றான் தங்கதுரை. "பொட்டி மட்டுந்தான் அண்ணனோடது."

"நல்ல நாளும் அதுவுமா உன்றது என்றதுன்னு பிரிப்பியா? உடு தம்பி" என்றாள் முத்தாத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பனிமலையைப் பார்த்துத்தான்.

பழைய மானிட்டரை யாரோ எடுத்துப் போய் உள்ளறையில் அரிசி மூட்டை மேல் வைத்தார்கள். மைக் கரகரத்தது.

"பெரிய தாய்மாமன் காளிச்சாமி, பெரிய திரை வெச்ச கம்ப்யூட்டர் ஒண்ணு."

கைதட்டினார்கள்.

"சின்ன தாய்மாமன் தங்கதுரை..." மைக்செட்காரன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். டிவி நின்ற இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்ததைப் படித்தான். "பழத்தட்டு ஒண்ணு."

ஆனந்தி கையிலிருந்த மாலையைப் பழத்தட்டின் மேல் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

வாசலில் கார் நின்றது. காளிச்சாமி உதட்டில் ஒரு வருத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "பரவால்ல, பரவால்ல, வழியில அடிபட்டா நாம என்ன பண்ண..." என்று ஆரம்பித்தவன், திரையைப் பார்த்து நின்றுவிட்டான். வாய் மூடவில்லை. நான்கு பேர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் பனிமலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று ராசம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று தங்கதுரை தூணோரம் போய் நின்றான். திட்டு வாங்காமல் தப்பித்ததை நினைத்துச் சந்தோஷப்பட முயன்றான். வரவில்லை. எத்தனை தேய்த்தாலும் அண்ணன் பொருள்தான் பளபளக்கிறது.

அண்ணன் மனைவி செல்வலட்சுமி தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். குனிந்து பின்பக்கம் பார்த்தாள். மூடியைத் தொட்டாள், சூடாக இருந்தது போல, கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தூணோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்:

"ஏனுங் தம்பி, மூணு வருசமா எங்கூட்டு அட்டாலி மேல பழைய சாமானோட செத்துக் கெடந்த பொட்டிங்க இது, எப்புடி எரிய வெச்சீங்க?"