முதல் பரிசு வாங்கிய தூசிதட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்கள் பத்திரிகை நடத்திய 'வீணானதில் விளைந்தது' போட்டியில் 'சோஃபா, மெத்தைகளுக்கான இருபக்கத் தூசிதட்டி'க்கு முதல் பரிசு கிடைத்திருப்பதாகத் தகவல் வந்தது. செய்தவர் என் கணவர். அனுப்பியவர் என் மாமனார். அவர் அனுப்பிய நேரத்தில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். செய்முறையைப் படம் பிடிக்க இந்த வாரமே ஆள் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பரிசும் வேண்டாம். ஏனென்றால், அது தூசிதட்டி இல்லை.

நான் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். எந்தத் துணி எந்த இயந்திரத்துக்கு, எந்தக் கறைக்கு எந்த மருந்து, யாருக்கு விடுப்பு என்று காலையிலிருந்து மாலை வரை எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தால், ஃபேனை ரெண்டில் வைக்கவா மூணில் வைக்கவா என்பது வரை என்னைத்தான் கேட்பார்கள். ஒருநாள் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஒரு மணி நேரமாவது என்னைக் கட்டிப்போட்டுட்டு, எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுங்களேன்!" என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார். விரிப்பை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "நிஜமாத்தான் சொல்றியா?" என்றார். ஆமாம் என்றேன். "அடிக்கவும் செய்யணுமா?" என்றார். "செல்லமா" என்றேன். "செல்லமான்னா எவ்வளவு?" என்று கேட்டார் பாருங்கள், அன்றைக்குத்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் உட்கார்ந்து பேசினோம் என்று தோன்றியது.

இதற்கென்றே விற்கிற சாமான்கள் எல்லாம் யானை விலை. வாங்கினாலும் பார்சலை மாமனார்தான் பிரிப்பார். ஆகவே வீட்டிலேயே தேடினோம். குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளும் அங்கியின் இடுப்புநாடா கயிறானது. ஜன்னல் திரையின் உள்பக்க லைனிங் துணி கண்கட்டு ஆனது. துணி கிளிப்பு எப்படி இருக்கும் என்று அவரே தன் காதில் மாட்டிப் பார்த்தார். மறுநாள் கடையில் முதலாளி, "காது ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்க, "பெண்டாட்டி போன் பண்ணா" என்றாராம். முதலாளி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம். கடைசியாக, விரிசல் விட்ட காய் நறுக்கும் பலகையைப் பாதியாக அறுத்து, லென்ஸ் தேய்ப்பது போலவே இழைத்து, ஒரு பக்கம் என் பழைய கைப்பையின் தோலும், மறுபக்கம் பஞ்சு வைத்துக் கம்பளித் துணியும் தைத்தார். அதுதான் தங்கள் முதல் பரிசு.

வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் யோசிக்காமல் 'தண்ணி' என்று வைத்துவிட்டேன். முதல் தடவையே எனக்கு உண்மையில் தாகம் எடுத்துவிட்டது. "தண்ணி" என்றேன். மனுஷன் பதறிப்போய்ப் பலகையைத் தூக்கிப் போட்டு, கண்கட்டை அவிழ்த்து, கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பக்கத்தில் தயாராக வைத்திருந்த கத்தரியால் வெட்டி, "வலிக்குதா? எங்க வலிக்குது? நான் எதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று என் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலித்து அல்ல. இரண்டு பிரசவம், ஒரு அறுவை சிகிச்சை எல்லாம் பார்த்துவிட்டேன். எங்கே வலிக்கிறது என்று விடாமல் கேட்ட ஆள் அதுவரை யாருமில்லை. அடிக்கிற பலகையைக் கையில் வைத்திருக்கும்போதுதான் ஒருவர் இவ்வளவு மென்மையானவர் என்று தெரியவேண்டுமா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். விளக்கத் தெரியவில்லை. வார்த்தையை 'பூசணிக்காய்' என்று மாற்றிவிட்டோம்.

இனி மாமனார். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஓடத் தெரியாத பிள்ளை என்று என் கணவரை ஒருநாளும் பாராட்டியதில்லை. சுத்தியல் தேடி எங்கள் அலமாரியைத் திறந்தவர் கையில் பலகை சிக்கியிருக்கிறது. மகன் செய்த தூசிதட்டி என்று அவராகவே முடிவு செய்து, படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பிவிட்டார். பரிசுச் செய்தி வந்த அன்று அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "உன் கையில இவ்வளவு வேலை இருக்கா! எனக்குத் தெரியாமப் போச்சேடா" என்றார். பிறகு கம்பளிப் பக்கத்தை அழுத்திப் பார்த்து, "தூசி தட்ட எதுக்குடா இவ்வளவு மெத்துன்னு?" என்று கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சோஃபாவுக்கு வலிக்கக் கூடாதுல்லப்பா" என்றார். நான் அடுக்களைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். திரும்பி வந்தால், அப்பாவின் கை பிள்ளையின் தோளில் இருக்கிறது. இவர் கண் கலங்கி நிற்கிறார்.

என் சங்கடம் புரிகிறதா? படம் வந்தால், இது எதற்கானது என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பரிசை விட்டால் அந்தக் கை தோளிலிருந்து இறங்கிவிடும். என்றாலும் மானம் பெரிது. ஆகவே, விதிமுறையில் ஏதோ சிக்கல் என்று மாமனாருக்கு ஒரு வரி எழுதி, பரிசை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தங்கள் பத்திரிகை பல்லாண்டு செழிக்கட்டும். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

இப்படிக்கு,
பரிசு பெற்றவரின் மனைவி

பி.கு.: மேலே உள்ளது எல்லாம் ரத்து. நான் இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், படம் பிடிக்கும் பையனோடு தாங்களே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். ஆசிரியர் ஒரு பெண்மணி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாமனார் சோஃபாவைத் தட்டிக் காட்டிப் படத்துக்கு நின்றபோது, தாங்கள் பலகையை வாங்கி உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார்த்தீர்கள். மறுபக்கத்தையும் தட்டிப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் குனிந்து, "தோலோட ஓரத்தை உள்பக்கமா மடிச்சுத் தைக்கச் சொல்லுங்கம்மா. இல்லன்னா சீக்கிரம் பிரிஞ்சுரும். எங்க வீட்டுல பிரிஞ்சுருச்சு" என்றீர்கள். பரிசை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். என் கணவர் இப்போது ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். கைப்பைத் தோல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். தங்களுக்கும் ஒன்று தைக்கட்டுமா என்று கேட்கச் சொன்னார்.