கேள்வி கேட்காத பேட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை தலையே போனாலும் புத்தூருக்குப் போவதில்லை என்று ஹரிபிரசாத் முடிவு கட்டிவிட்டான். தலைக்கு ஆபத்தில்லை. கைக்குத்தான் ஆபத்து.

மாமியார் சென்னம்மாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. போன ஞாயிறு புத்தூர் வைத்தியர் எலும்பை இழுத்துக் கட்டும்போது, அந்தம்மா வலி தாங்காமல் நல்ல கையால் மருமகன் கையைப் பிடித்தாள். எங்கே பிடித்தாள், பிழிந்தாள். கட்டு அவளுக்கு, வீக்கம் இவனுக்கு. நாலு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் தமிழுக்கு நஷ்டம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

நாளைக்கு இரண்டாம் கட்டு.

ஹரிபிரசாத் பேட்டி எழுதுகிறவன். திருப்பதியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு எழுத்தாளர், பாடகர், தவில்காரர் என்று யார் அகப்பட்டாலும் பிடித்து, பேட்டி எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவான். இவன் கேள்வி ஒரு பக்கம் ஓடும். பதில் “ஆமாம்” என்று இருக்கும். சித்தூரில் ஒரு வீணைக்காரர் இவன் கேள்வி முடிவதற்குள் போய்க் குளித்துவிட்டே வந்துவிட்டார். ஆனால் வீட்டில் பெண்டாட்டி கன்னிகாவுக்குத் தொழில் ரகசியம் சொல்லுவான், பாருங்கள்.

“பேட்டிக்குக் கேள்வியே வேணாம் கன்னிகா. ‘ம்’னு சொல்லிட்டு சும்மா இருக்கணும். எதிராளிக்கு அந்த சும்மா தாங்காது. தானா கொட்டிடுவான்.”

கன்னிகா எட்டாவது வரை படித்தவள். சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவன் தொண்டையைக் கனைத்தான்.

“நாளைக்கு ஒரு பேட்டி இருக்குது. கமலக்கண்ணன்னு பெரிய எழுத்தாளர்.”

“ம்.”

அந்தக் கமலக்கண்ணன் பிறந்தே அரை மணி நேரம்தான் ஆகிறது. பிறந்தது குளியலறையில். எந்த ஊர் என்று கேட்டால் பலமனேர் என்று சொல்ல இவன் தயாராக இருந்தான். அவள் கேட்டால்தானே? கீரையில்தான் கண்.

“பலமனேர்காரரு,” என்றான் தானாகவே.

“ம்.”

“வீட்டுல தங்கவே மாட்டாரு. எப்பவும் ஊர் சுத்திக்கினே இருப்பாரு. இப்பதான் பரண்லேருந்து விழுந்து கால் ஒடைஞ்சி படுத்துக்கினு இருக்காரு.”

“ம்.”

ஒரு காம்பு, இரண்டு காம்பு, மூன்று காம்பு. நாளைக்கே ஏன் போகணும் என்று கேட்கிறாளோ என்னவோ. கேட்காத கேள்விக்கு ஓடிப்போய்ப் பதில் சொன்னான்.

“நாளைக்குக் கட்டு பிரிக்கறாங்க. பிரிச்சிட்டா திரும்பவும் ஊர் சுத்தப் பூடுவாரு. நாளைய வுட்டா ஆளப் புடிக்கவே முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டுன்னா கூட நாளாகும். இது புத்தூர்க் கட்டாச்சே…”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது.

கன்னிகா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

“நல்லதாப் போச்சு. கட்டு பிரிக்க அவரும் புத்தூருக்குத்தான் வரணும். ஒரு கையில செல்லு புடிச்சி பேட்டி எடுங்க. இன்னொரு கைய எங்கம்மாகிட்ட குடுத்துடுங்க.”

“இல்ல, அவருக்கு ஒடம்பு…” என்று இழுத்தான்.

“ம்,” என்றாள்.

வாயை மூடிக்கொண்டான். பத்து நிமிஷம் முன்னாலேயே மூடியிருக்கலாம்.

அந்தப் பேட்டி முழுக்கக் கன்னிகா கேட்டது கடைசியில் ஒரே ஒரு கேள்விதான்.

“பஸ்ஸா, ரயிலா?”