அவசியமில்லாத குகை

கல்யாணி மூன்றாவது முறையாக அதே குழியில் விழுந்தாள்.

"சே!" என்றாள் சத்தமாக.

விழுந்தது திரையில். நிஜக் கல்யாணி அணுபுரம் குவார்ட்டர்ஸில், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளைக்கு முன்பு ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருப்பதை மறந்துவிட்டாள். கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மெடிக்கல் லீவு. முதல் நாலு நாள் டி.வி. பார்த்தாள். ஐந்தாம் நாள், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் பிரதீபா டிராயரில் விட்டுப்போயிருந்த கேம் மெஷினை எடுத்தாள்.

காடு மேடெல்லாம் நடந்து விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு. பிரதீபா தான் பிடித்த பிராணிகளுக்கெல்லாம் டிபன் பெயராக வைத்திருந்தாள். முதுகில் பாசி படர்ந்த ஆமைக்கு இட்லி. நெருப்புக் கக்கும் கீரிக்கு மிளகாய்ப்பொடி. இவற்றைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜெயிக்க வேண்டும். கல்யாணியும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தாள், நாலாவது ஊருக்குப் போகிற பாதையில் புதருக்குப் பின்னால் ஒரு குகை வாசல் தென்படும் வரை.

உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"அது ஆப்ஷனல்மா. உள்ள போகணும்னு அவசியமே இல்ல. கதைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. நானே போனதில்ல."

"அவசியம் இல்லன்னா எதுக்குடி அதை அங்க வச்சிருக்கான்?"

"சும்மாதான்."

"சும்மா எவனாவது குகை கட்டுவானா?"

"அம்மா, எனக்கு லேப் இருக்கு. வைக்கிறேன்."

கல்யாணி உள்ளே போனாள்.

ஒவ்வொரு ஊருக்கும் படம் கொடுத்திருந்த அந்த விளையாட்டு, குகைக்கு மட்டும் படம் கொடுக்கவில்லை. இருட்டு. திரும்பிய பக்கமெல்லாம் ஒரே மாதிரி பாறை. கால் வைத்தால் குழி. அணு ஆராய்ச்சி நிலையத்தின் டிராயிங் பிரிவில் இருபத்தாறு வருஷ சர்வீஸ் போட்டவள் அவள். ஒரு இடத்துக்கு வரைபடம் இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பீரோவிலிருந்து டிரேசிங் பேப்பரும் ஸ்கேலும் வந்தன. ஓர் அடி எடுத்து வைத்தால் அரை சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். ஐந்து நாளில் மூன்று தாள்கள். கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றின் வலது மூலையிலும் கட்டம் கட்டி எழுதினாள்: 'நிலத்தடி அமைப்பு. தளம் 3. தாள் 3/3. வரைந்தவர்: சு. கல்யாணி.'

மூன்றாவது தாள் புதன்கிழமை காலையில் காணாமல் போனது. ஒன்பதேகாலுக்கு அவள் கணவர் சுப்புராமன் போன் செய்தார். அதே நிலையத்தில் ஸ்டோர்ஸில் வேலை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நீ வரைஞ்ச கண்றாவி என் ஃபைலுக்குள்ள வந்திருக்கு."

"ஐயையோ, மூணாவது தாளா? மடிச்சிடாதீங்க!"

"மடிக்கிறதா? அது கேட்ல செக்யூரிட்டி கையில இருக்கு. 'இங்கே சுவர் பலவீனம், இடித்தால் வழி'ன்னு எழுதியிருக்கியே! 'காவலாளி தூங்கும்போது கடக்கவும்'னு எழுதியிருக்கியே! அந்த மோசஸ் அதைப் படிக்கிறான், என்னைப் பாக்கறான். மறுபடி படிக்கிறான், மறுபடி என்னைப் பாக்கறான்."

"கேம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? லீவுல நீ டிபார்ட்மென்ட் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறேன்னு செக்‌ஷன் பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"அது எதுக்குச் சொன்னீங்க? சரி, இப்ப என்ன சொன்னீங்க?"

"நெம்மேலியில வீடு கட்டப் போறோம், அதோட பிளான்னு சொன்னேன்."

"பூமிக்கு அடியில மூணு மாடியா?"

"மோசஸும் அதைத்தான் கேட்டான். தண்ணித் தொட்டின்னேன்."

"காவலாளி?"

"வாட்ச்மேன் போடப் போறோம்னேன். 'வூடே இன்னும் கட்டல, அவரு தூங்குவாருன்னு இப்பவே எப்டி சார் தெரியும்?'னு கேக்கறான்."

கல்யாணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"'விஷவாயு உண்டு, இட்லியை முன்னால் அனுப்பவும்'னு போட்டிருந்தேனே, அதுக்கு?"

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள செக்யூரிட்டி ஆபீசரே வந்துட்டாரு. தனக்கோடி. தாளை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. தலைகீழாத் திருப்பிக்கூடப் பாத்தாரு. 'மேடம் வூட்ல தானே கீறாங்க?'ன்னு மட்டும் கேட்டாரு. சாயந்திரம் வராராம்."

சிரிப்பு நின்றுவிட்டது. செய்யூர்க்காரரான தனக்கோடி சிரித்து அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த சொந்த மச்சானையே கேட்டில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தவர்.

முதல் இரண்டு தாள்களும் மேஜை மேல் கிடந்தன. கிழித்துவிடலாம். பேனா ஓட்டிய ஒவ்வொரு வளைவையும் பார்த்தாள். கை வரவில்லை. தாள்களைச் சுருட்டி, எதிர்வீட்டு ரெஜினாவைக் கூப்பிட்டாள்.

"இதைக் கொஞ்சம் உங்க வீட்ல வைங்க ரெஜினா. யாராவது கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

ரெஜினா நல்லவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். நாலரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. கல்யாணி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஜன்னலுக்குப் போனபோது, கீழே ரெஜினாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! கல்யாணி மேடம் வச்சிருக்கச் சொன்னாங்க, அவ்ளோதான். இந்தாங்க சார்!"

யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

தனக்கோடி மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். மோசஸ் வாசலில் நின்றுகொண்டான். ஜீப்பிலேயே வந்திறங்கிய சுப்புராமன், தன் வீட்டு நாற்காலியில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தார்.

"இன்னா இது?" என்றார் தனக்கோடி.

"தண்ணித் தொட்டி சார்" என்றார் சுப்புராமன்.

"கேம் சார்" என்றாள் கல்யாணி, அதே நொடியில்.

தனக்கோடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணி எல்லாவற்றையும் சொன்னாள். குகை, குழி, படம், ஆமை எல்லாம். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"ரெண்டாவது தளத்துலேர்ந்து மூணாவதுக்கு எப்டி எறங்கினீங்க?"

"இந்தக் குழி வழியா சார். எல்லாரும் இதைத் தாண்டிப் போகத்தான் பாப்பாங்க. நானும் மூணு தடவை தெரியாம விழுந்து, எழுந்து மேலேயே வந்துட்டேன். நாலாவது தடவை, விழுந்த இடத்துலேயே சுத்திப் பாத்தேன். வழி இருந்தது."

"விழுந்த எடத்துலயே." எழுதிக்கொண்டார். "யாரு சொல்லிக் குட்த்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"கூட யாரு?"

"இட்லி சார்."

"அதான் ஆமைன்னு சொன்னாளே சார்" என்றார் சுப்புராமன், அழுகிற குரலில்.

"நீங்க சும்மா இருங்க." தனக்கோடி விரலால் தாளைத் தட்டினார். "இந்தச் சொவுத்துக்கு அந்தாண்ட இன்னா கீது?"

"தெரியாது சார். இன்னும் இடிக்கல."

"இடிங்க."

"சார்?"

"என் எதிர்ல இடிங்க. நீங்க சொல்றது நெஜம்னா சொவரு இடியணும்ல?"

கல்யாணி மெஷினை எடுத்தாள். வேலை, லீவு, விசாரணை என்று என்னென்னவோ மனதில் ஓடியது. ஆனால் குகைக்குள் நுழைந்து இரண்டு திருப்பம் போவதற்குள் அதெல்லாம் எங்கோ பின்னால் தங்கிவிட்டது. காவலாளிப் பூதத்துக்குக் கண் சொக்கும் வரை ஒரு பாறைக்குப் பின்னால் காத்திருந்தாள். விஷவாயுவில் இட்லி முன்னால் நடந்தது. மிளகாய்ப்பொடி பலமெல்லாம் திரட்டி மூன்று முறை முட்ட, சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

தனக்கோடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுப்புராமனும் எழுந்து வந்து சோபாவுக்குப் பின்னால் நின்றார்.

உள்ளே பெரிய கூடம். கூரையில் ஓர் ஓட்டை; அதன் வழியே வெயில் கம்பம் மாதிரி இறங்கியது. நடுவில் குளம். சண்டைக்கு யாரும் இல்லை. புதையல் பெட்டி இல்லை. கரையில் மட்டும் ஒரு தட்டையான நண்டு, முதுகில் சின்ன விளக்கைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கேள்விக்குறி.

"வலையை வீசு" என்று கிசுகிசுத்தார் சுப்புராமன்.

"இருங்க."

கல்யாணி ஓர் அடி முன்னால் வைத்தாள். நண்டும் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. அதுவும். பின்னணி இசை நின்று, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நண்டு அவள் காலருகே வந்து விளக்கை உயர்த்திப் பிடித்தது. குகை முழுவதும் வெளிச்சமானது. இத்தனை நாள் தடவித் தடவி வந்த சுவரெங்கும் சித்திரங்கள்: மீன்கள், யானைகள், கொடிகள், ஒன்றை ஒன்று தொட்டபடி.

மோசஸ் வாசலிலிருந்து எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை.

பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது விளையாட்டு. 'அடை' என்று வைத்தாள் கல்யாணி.

தனக்கோடி எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மூன்று தாள்களையும் பதமாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இது என்னாண்ட இருக்கட்டும். வேற யாருக்கும் காட்ட வேணாம்."

"சார், அப்ப இது கேஸா..." என்று இழுத்தாள் கல்யாணி.

பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது.

"போச்சு" என்றார் சுப்புராமன். "உனக்கு மெமோ. எனக்குத் தண்ணித் தொட்டி சொன்னதுக்குத் தனி மெமோ."

கல்யாணிக்கு இப்போதுதான் பயம் முழுதாக வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள். மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. மோசஸ்.

"அய்யா பேனாவ வுட்டுட்டாராம்மா." மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"மோசஸ், நெஜத்தைச் சொல்லு. ஐயா மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிடுவாரா?"

மோசஸ் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரிப்போர்ட்டா? காலைல கேட்ல அந்தப் படத்தப் பாத்த ஒடனே அய்யா என் காதாண்ட இன்னா சொன்னாரு தெரியுமாம்மா? 'மோசஸு, மூணு மாசமா நான் வழி தெரியாம மாட்டிகினு கீற குகைடா இது'ன்னாரு."